காட்டுக்கனியும் கடைப் போத்தலும்



ஊரில் ஒரு ஜனாஸா என்றால் கபன் துணிக்கு ஒருவர், கற்பூரத்துக்கு ஒருவர், இலந்தை இலைக்கு ஒருவர் என்று ஓடுவார்கள். துணியும் கற்பூரமும் கடையில் கிடைத்துவிடும். இலந்தை இலைக்குத்தான் ஆள் அலைய வேண்டியிருக்கிறது. "இன்னாருடைய வளவில் ஒரு மரம் நின்றதே" என்று வயதானவர் ஒருவர் நினைவுபடுத்துவார். போய்ப் பார்த்தால் மதில் கட்டும்போது அதை வெட்டியிருப்பார்கள். முள் மரம்தானே என்று வெட்டியிருப்பார்கள்.

அந்த முள் மரத்துக்குப் பழமும் உண்டு என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இலந்தைப் பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சட்டைப் பைகளில் அதுதான் நிறைந்திருக்கும். யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. இன்று அதே இனத்து மரத்தின் இலை, "சித்ர் பவுடர்" என்ற பெயரில் தலைமுடிக்கென்று பக்கெட்டில் வருகிறது. அந்த இனத்துப் பூவில் தேனீ எடுத்த தேன், யெமன் நாட்டின் ஹழரமவ்த் பகுதியிலிருந்து பெரிய விலையில் வருகிறது. வளவில் நின்றபோது பெறுமதி தெரியவில்லை. போத்தலில் வந்தபோது பெறுமதி கூடிவிட்டது.

இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். காட்டிலும் வேலியோரத்திலும் தானாக விளையும் சிறு கனிகள் நம் உணவிலிருந்து போய், மருந்து என்ற பெயரில் திரும்பி வருகின்றன. போனதிலும் நமக்கு நட்டம் இருக்கிறது. திரும்பி வரும் விதத்திலும் சில ஆபத்துகள் இருக்கின்றன.

கறுத்ததைப் பறியுங்கள்

அரபியில் இலந்தை மரத்துக்கு ஸித்ர் என்று பெயர். அதன் பழத்துக்கு நபக் என்று பெயர். அரபு நாட்டு ஸித்ரும் நம் இலந்தையும் ஒரே குடும்பத்து நெருங்கிய இனங்கள். அல்குர்ஆனில் ஸபஃ, அந்நஜ்ம், அல்வாகிஆ ஆகிய சூறாக்களில் ஸித்ர் பேசப்படுகிறது. சுவனத்தில் முள் இல்லாத இலந்தை மரங்கள் இருக்கும் என்று அல்வாகிஆ சூறா சொல்கிறது. இலந்தை பறிக்கப் போய்க் கையில் முள் ஏற்றிக்கொண்டவர்களுக்குத்தான் அந்த வசனத்தின் இனிமை முழுதாக விளங்கும்.

மற்றொரு கனியும் நம் கிதாபுகளில் வருகிறது. மிஸ்வாக் குச்சி எடுக்கும் அராக் மரத்தின் பழம் அது. அதற்குக் கபாஸ் என்று பெயர். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஸஹாபாக்கள் இந்தப் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் கறுத்த பழங்களைப் பார்த்துப் பறிக்கும்படியும் அவையே நல்லவை என்றும் சொன்னார்கள். இவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறதே, தாங்கள் ஆடு மேய்த்ததுண்டா என்று தோழர்கள் கேட்டார்கள். ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்ற கருத்தில் பதில் வந்தது.

இந்த ஹதீஸை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் மாணவர்களிடம் நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு. எந்தப் பழம் நல்லது என்ற அறிவு அங்கே நடந்து திரிந்த காலிலிருந்தும் பறித்த கையிலிருந்தும் வந்தது. தோழர்களுக்கும் அது புரிந்ததால்தான் அப்படிக் கேட்டார்கள். அந்த அராக் மரம் நம் நாட்டிலும் இருக்கிறது. மன்னார்ப் பக்கத்திலும் அம்பாந்தோட்டைப் பக்கத்திலும் வறண்ட கரையோரங்களில் அது வளர்கிறது. சிங்களத்தில் மலித்தன் என்பார்கள். மிஸ்வாக்கைப் பக்கெட்டில் வாங்கும் நாம் அந்த மரத்தைப் பார்த்தால் அடையாளம் காண்போமா?

நம் காடுகள் தந்தவை

நம் வரண்ட பிரதேசத்துக் காடுகளில் எத்தனை கனிகள்! மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை வரை பாலைப்பழம். சிறிய மஞ்சள் பழம். தேன் போல இனிக்கும். பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். யால காட்டில் கரடிகள் மரமேறித் தின்பது இந்தப் பழத்தைத்தான். அதே காலத்தை ஒட்டி வீரைப்பழம், சிவப்பு மணிகள் போலக் கொத்தாக வரும். வளைந்த முட்களுக்கு நடுவே சூரைப்பழம் கறுத்து மினுங்கும். கிளாக்காய் ஊறுகாய்க்கு உகந்தது. நாவற்பழம் நாக்கை ஊதா நிறமாக்கிவிடும். ஒளித்துத் தின்ற பிள்ளையை உம்மாவிடம் காட்டிக்கொடுப்பதும் அந்த நிறம்தான்.

நம் முன்னோர் இம்மரங்களை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. மட்டக்களப்பில் நாவற்குடா, யாழ்ப்பாணத்தில் நாவற்குழி, வடமராட்சியில் நெல்லியடி. பெயர்ப் பலகையில் மரம் நிற்கிறது. நிலத்தில் நிற்கிறதா என்பது வேறு விடயம்.

இந்தக் கனிகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருந்தது. எது எப்போது பழுக்கும், எதைப் பச்சையாகத் தின்னலாம், எதை உப்பில் போட வேண்டும், எதை வெயிலில் காயவைக்க வேண்டும் என்று மூத்தம்மாமார்களுக்குத் தெரியும். யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை. அவர்களோடு கூட நடந்து பறித்த பிள்ளைகளுக்கு அது தானாக வந்து சேர்ந்தது. கூட நடப்பது நின்றபோது அறிவும் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இப்போது வியாபாரிகள் வந்து நிற்கிறார்கள். வெறுமையான இடத்தில் எதைச் சொன்னாலும் ஏறும் அல்லவா?

நெல்லியின் நீண்ட பயணம்

ஒரு கனியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஊவா மாகாணத்தில் பிபிலைக்குப் பக்கத்தில் நில்கல என்ற வனப்பகுதி இருக்கிறது. புல்வெளியும் இடையிடையே மரங்களுமாக இருக்கும் அந்தக் காட்டில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் அதிகமாக வளர்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாட்டு வைத்தியத்தில் திரிபலா.

அரபு மருத்துவ நூல்களைப் புரட்டினால் இந்த மூன்றையும் அங்கே சந்திக்கலாம். நெல்லிக்கு அம்லஜ், கடுக்காய்க்கு ஹலீலஜ், தான்றிக்குப் பலீலஜ் என்று பெயர். மூன்றும் சேர்ந்த மருந்துக்கு இத்ரீஃபல் என்று பெயர். திரிபலா என்ற சொல்தான் அரபு நாவில் இத்ரீஃபல் ஆயிற்று. ஹிஜ்ரி 428 இல், அதாவது கி.பி. 1037 இல் மறைந்த இப்னு ஸீனா தமது அல்கானூன் என்ற நூலில் அம்லஜைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் யூனானி வைத்தியர்கள் இன்றும் இந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறார்கள். நம் பகுதியில் விளைந்த ஒரு காட்டுக்காய் கடல் கடந்து போய், அரபுப் பெயர் பெற்று, மருத்துவ நூலாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

இன்றைய உணவு ஆராய்ச்சியும் நெல்லியைக் கைவிடவில்லை. இந்தியாவில் 2017 இல் வெளியிடப்பட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் நெல்லியில் சுமார் 250 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. பழைய அட்டவணைகளில் 600 என்று போட்டிருந்தார்கள். இன்றும் பல விளம்பரங்கள் அந்தப் பழைய எண்ணைத்தான் சொல்கின்றன. 250 என்றே வைத்துக்கொண்டாலும் அது தோடம்பழத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 75 முதல் 90 மில்லிகிராம். அப்படியானால் ஒன்றிரண்டு நெல்லிக்காயே போதும். உண்மை இவ்வளவு அழகாக இருக்கும்போது அதற்கு மேல் பொய் எதற்கு?

இப்போது போத்தலுக்கு வருவோம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு நெல்லிக் கோடியல் பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. தவறில்லை. ஆனால் கோடியலில் நெல்லியோடு நிறையச் சீனியும் சேர்கிறது. விற்றமின் சி சூட்டில் அழியக்கூடியது. கொதிக்க வைத்துப் பாகாக்கினால் அதில் ஒரு பகுதி போய்விடும், சீனி மட்டும் முழுதாக நிற்கும். 2016 முதல் நம் நாட்டில் இனிப்புக் குடிபானப் போத்தல்களில் நிறப் புள்ளி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. குடிபானம் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் அந்தப் புள்ளியைப் பாருங்கள். கோடியல் வாங்கினால் பின்பக்கத்தில் சீனியின் அளவைப் படியுங்கள். சீனி வருத்தக்காரருக்கு "இது நெல்லிதானே" என்று கோடியல் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

பச்சை நெல்லியைக் கொட்டை நீக்கி, உப்புத் தொட்டுத் தின்பதுதான் எளிதானது. தின்ற பின் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அந்த இனிப்புக்காகவே தின்பார்கள். அதிகமாகக் கிடைத்தால் பிளவு விழும்வரை மட்டும் அவித்து, உப்பு, மிளகாய்த்தூள், வினாகிரி சேர்த்துக் கண்ணாடிப் போத்தலில் அச்சாறு போடலாம். பிரஷர் உள்ளவர்கள் அச்சாற்றில் கை அளவோடு வைக்கட்டும்.

ஓதித்தரச் சொன்ன போத்தல்

ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் ஒரு போத்தலைக் கொண்டு வந்தார். "ஹஸ்ரத், இதில் ஓதி ஊதித் தாருங்கள், உம்மாவுக்கு" என்றார். நாவல் கொட்டைத் தூள். மேலே பச்சை எழுத்தில் பிஸ்மில்லாஹ். கீழே, சீனி வருத்தம் 40 நாளில் வேரோடு போகும் என்ற வாக்குறுதி. தயாரித்தவரின் முகவரி இல்லை, திகதி இல்லை.

"உம்மா கிளினிக் மருந்து எடுக்கிறாரா?" என்று கேட்டேன். மூன்று கிழமையாக நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இதைக் குடிக்கும் காலத்தில் ஆங்கில மருந்து கூடாது என்று விற்றவர் சொன்னாராம். உம்மாவின் கால் விரலில் ஒரு சிறு புண், அது ஆறவில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

சகோதரிகளே, துஆச் செய்தேன். ஆனால் முதலில் உம்மாவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். சீனி வருத்தக்காரரின் காலில் ஆறாத புண் என்பது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் காரியம் அல்ல. விரலில் தொடங்கியது காலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாயின் கால் தப்பியது. விரல் தப்பவில்லை.

நாவல் கொட்டையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரியாரிமார் அதை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இரத்தச் சீனி குறைந்ததும் உண்மை. ஆனால் எலிக்குக் குறைந்தது மனிதருக்கும் அதே அளவில் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சீனி குறையவில்லை. மாத்திரையை நிறுத்தக்கூடிய அளவுக்கு நாவலைப் பற்றிய ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை.

வேறோர் ஆபத்தும் உண்டு. "இயற்கை" என்று விற்கப்பட்ட சீனி வருத்தத் தூள்கள் சிலவற்றில் கிளிபென்கிளமைட் போன்ற ஆங்கில மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிக் கலந்த தூளும் கிளினிக் மாத்திரையும் சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். குடித்த மறுநாளே "நல்ல சுகம்" காட்டும் தூளைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

மருந்து செய்யலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள், முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்தே இருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். நிவாரணம் இருக்கிறது என்றால் அதைத் தேடும் கடமையும், எது நிவாரணம் என்று தெரிந்தவரிடம் கேட்கும் கடமையும் நமக்கு இருக்கிறது. பிஸ்மில்லாஹ் எழுதிய கடதாசி ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பது நிவாரணமாகிவிடாது. தவக்குல் அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டியது. வியாபாரியின் லேபலின் மீது அல்ல.

வாங்கும் கையும் விற்கும் கையும்

நாட்டு மருந்து எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற ஆயுர்வேத, யூனானி, சித்த வைத்தியரிடம் போங்கள். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அவர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. போகும்போது கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கூடக் கொண்டுபோங்கள். கிளினிக் டொக்டரிடமும் நாட்டு மருந்து எடுப்பதை மறைக்காதீர்கள். ஏசுவார் என்று பயந்து மறைப்பதால் வரும் கேடு, அவருடைய ஏச்சைவிடப் பெரியது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தத் தூள்களை நீங்களாகவே கொடுக்காதீர்கள்.

வீட்டில் நெல்லிக் கோடியலும் அச்சாறும் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் இந்தப் பத்தியையும் வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். ஈரத்தை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி விற்றிருக்கலாமே என்று அந்த வியாபாரி கண்டிக்கப்பட்டார். நம் போத்தலில் ஈரம் எது? சேர்த்த சீனியின் அளவு, செய்த திகதி, கலந்த நிறம். இவற்றை லேபலில் மேலே எழுதுங்கள். "நோய் தீர்க்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள். மக்களை ஏமாற்றும் லேபலை 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் தடை செய்கிறது. "எங்கள் வீட்டு நெல்லி, நல்ல ருசி" என்று எழுதினாலே வாங்குவார்கள். அந்தக் காசு சுத்தமான காசு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

எதைத் தின்னலாம் என்று சொல்வதற்கு முன் எதைத் தின்னக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். காட்டாமணக்குக் கொட்டை, சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணி, மஞ்சள் அலரிக்காய் ஆகிய மூன்றும் நஞ்சு. நம் நாட்டில் பிள்ளைகள் காட்டாமணக்குக் கொட்டையைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. பெரியவர் ஒருவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டாத எந்தப் பழத்தையும் வாயில் வைப்பதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். யால, வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் பறிப்பது சட்டப்படி குற்றம். அங்குள்ளவை கரடிக்கும் பறவைக்கும் உரியவை. ஊரோரத்து மரத்திலும் கிளையை முறிக்காமல், பழுத்ததை மட்டும் எடுக்கப் பழக்குங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள மூத்தம்மாவிடமோ மாமியிடமோ ஒரு கொப்பியோடு பிள்ளைகளை உட்காரவையுங்கள். அவர் சிறு வயதில் தின்ற காட்டுப் பழங்களின் பெயர்கள், அவை பழுக்கும் மாதம், அந்த மரம் இன்னும் எங்கே நிற்கிறது என்பவற்றைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவரால் நடக்க முடிந்தால் அந்த மரம் வரைக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பிறகு வளவின் ஒரு மூலையில் ஒரு நெல்லிக் கன்றோ இலந்தைக் கன்றோ நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ தின்பதெல்லாம் அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கொப்பியையும் கன்றையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மூத்தம்மா இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.